வாசலில் வாங்கி வைக்கும் செல்போன்

மகளிர் தினத்தையொட்டி எங்கள் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. 'வேலை நேரத்தில் சமூக ஊடகத்துக்கு நிர்வாகம் தடை போடலாமா, கூடாதா' என்பது தலைப்பு. போடலாம் என்ற அணி, ஒரு நாளில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கணக்குச் சொன்னது. கூடாது என்ற அணி, ஐந்து நிமிடம் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்றது. கைதட்டல் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. நடுவர் நாற்காலியில் நான். தீர்ப்புக்கு முன் கூட்டத்தில் யாருக்காவது கேள்வி உண்டா என்று வழக்கம்போலக் கேட்டேன். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவி பின்வரிசையில் எழுந்தாள்.

"எங்க அக்கா மில்லுல இருந்தா மிஸ். அங்க மெஷின்கிட்ட நிக்கிறப்ப மட்டும் இல்ல, ஹாஸ்டல்லயே செல்லு வச்சுக்கக் கூடாது. மூணு வருசமும். அது எதுல மிஸ் வரும்?"

இரண்டு அணியிலும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துத் தீர்ப்பை முடித்துவிட்டேன். அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இது.

பட்டிமன்றத்தில் பேசிய எல்லார் மனத்திலும் ஒரே படம்தான் இருந்தது: குளிரூட்டிய அலுவலகம், மேசை, கணினி, சம்பளம் வாங்கிக்கொண்டு முகநூல் பார்க்கும் ஊழியர். அந்தப் படத்தில் பிரச்சினை நேரம் மட்டுமே. முதலாளி காசு கொடுத்து வாங்கிய நேரத்தைத் தொழிலாளி திருப்பி எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் பெண்கள் கூட்டமாக வேலை செய்த இடங்களின் வரலாற்றைப் புரட்டினால், தடை வந்த காரணம் நேரம் மட்டுமாக இருந்ததே இல்லை. அந்தத் தடை செல்போனுக்கு முன்பே, தொலைபேசிக்கும் முன்பே இருந்தது. அப்போது தடை செய்யப்பட்டது புத்தகம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரம். 1820களில் மெரிமாக் ஆற்றின் நீர்விசையை நம்பி அங்கே பருத்தி ஆலைகள் வரிசையாக எழுந்தன. தென் மாநிலங்களில் கறுப்பின அடிமைகள் பறித்த பஞ்சு அங்கே நூலாகித் துணியானது. அந்த வேலைக்குச் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களின் மணமாகாத பெண்களை ஆலைகள் அழைத்தன. மகளை ஊர்விட்டு ஊர் அனுப்பத் தகப்பன்மார் தயங்குவார்கள் அல்லவா? அதற்காகவே கம்பெனி விடுதிகளைக் கட்டியது. விடுதிக் கதவு இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போயாக வேண்டும். யார் எப்படி நடந்துகொள்கிறாள் என்று நிர்வாகத்துக்குத் தகவல் சொல்வது விடுதியை நடத்தும் பெண்மணியின் கடமை. நம் ஊர் வார்டனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

அங்கே ஆலைக்குள் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்று விதி. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வேலையில் இழை அறுந்தால் ஒட்டுவது, பாபின் மாற்றுவது போக நடுவில் சும்மா நிற்கும் நிமிடங்கள் உண்டு. அந்த நிமிடங்களும் கம்பெனிக்கே சொந்தம். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செய்தித்தாளில் வந்த கவிதைகளைக் கத்தரித்துத் தங்கள் எந்திரத்துக்குப் பக்கத்து ஜன்னலில் ஒட்டிவைத்தார்கள். கை வேலை செய்யும், கண் ஜன்னலில் இருக்கும். பதினோரு வயதில் ஆலைக்குப் போய்ப் பின்னாளில் கவிஞரான லூசி லார்காம், தான் உட்காரும் ஜன்னலோரம் முழுவதும் இப்படி ஒட்டிவைத்திருந்ததை 1889இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சொல்கிறார். இன்றைக்கு அதே வயதுப் பெண் ஒருத்தி எந்திரத்துக்கு மேலே செல்போனைச் சாய்த்து வைத்தால் நாம் அதை ஒழுங்கீனம் என்கிறோம்.

படித்த கவிதை யாரையும் கலகக்காரி ஆக்கிவிடவில்லை. ஆனால் ஒரே விடுதி, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே செய்தித்தாள் என்று பழகியவர்களுக்குச் சேர்ந்து கோபப்படவும் தெரிந்தது. 1834இல் கூலியைக் குறைத்தபோது வேலையை நிறுத்தினார்கள். 1836இல் விடுதிக் கட்டணத்தைக் கூட்டியபோது இன்னும் பெரிய எண்ணிக்கையில் வெளியே வந்தார்கள். அந்த இரண்டாவது வேலைநிறுத்தத்தில், மற்றவர்கள் தயங்கி நிற்க, நான் போகிறேன் என்று தன் பிரிவிலிருந்து முதலில் வெளியேறியவர் ஹாரியட் ஹான்சன். அவருக்கு அப்போது வயது 11. 1840களில் பத்து மணி நேர வேலைநாள் கேட்டுப் பெண்கள் சங்கம் அமைத்தபோது அதன் தலைவியாக இருந்தவர் சாரா பேக்லி என்ற ஆலைத் தொழிலாளி. சங்கத்தின் குரல் ஒரு தொழிலாளர் பத்திரிகை வழியாக ஊர் ஊராகப் போனது. அந்த சாரா பேக்லி 1846இல் லோவெல் தந்தி அலுவலகத்தின் பொறுப்பாளராகப் போனார். அமெரிக்காவின் முதல் பெண் தந்தி இயக்குநர்களில் அவர் ஒருவர். பேச்சைத் தடுத்த இடத்திலிருந்து கிளம்பியவர் பேச்சைக் கம்பியில் அனுப்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அங்கே பெண்கள் உதட்டை அகல அசைத்தே பேசும் ஒரு முறையை உருவாக்கினார்கள். சத்தமே இல்லாத பேச்சு அது. தறிகளுக்கு நடுவே, மேலாளர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது தொலைபேசி நிலையங்களின் கதை. ஊரெல்லாம் பேசுவதற்கு வழி செய்யும் பெண்கள் தாங்கள் பேசக் கூடாது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்த பெண், வாடிக்கையாளரிடம் எழுதிக்கொடுத்த சில வாக்கியங்களைத் தாண்டி எதுவும் சொல்லக் கூடாது. பக்கத்து நாற்காலிப் பெண்ணிடமும் பேசக் கூடாது. முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நடந்துகொண்டே இருப்பார். இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து ஒட்டுக் கேட்பார். 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆயிரக்கணக்கான பெண் இயக்குநர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். ஜூலியா ஓ'கானர் தலைமை ஏற்றார். அந்தப் பகுதியில் தொலைபேசி ஏறத்தாழச் செயலிழந்தது. கூலி உயர்வும் பேரம் பேசும் உரிமையும் கிடைத்த பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

இனி வேடசந்தூருக்கு வருவோம். லோவெல் விடுதிக்கும் திண்டுக்கல் மாவட்ட விடுதிக்கும் நடுவில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆனால் ஏற்பாடு அச்சு அசல் அதுதான்: மணமாகாத கிராமத்துப் பெண், கம்பெனி விடுதி, தகப்பனுக்குச் சொல்லும் சமாதானம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய முறைக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று வேறு பெயர்களும் உண்டு. பெயர்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தொழிலாளி, கூலி, வேலை என்ற சொற்களில் ஒன்றுகூட அவற்றில் கிடையாது. மூன்று வருடம் ஆலையில் தங்கி வேலை பார்த்தால், மாதா மாதம் தரும் சொற்பப் பணம் போக, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஆலைக்கு ஆலை மாறும். அது அவள் கல்யாணச் செலவுக்கு. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் இந்த நாட்டில் குற்றம். அந்தக் குற்றத்தையே முதலாக வைத்து ஆள் சேர்த்தார்கள் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. மணமகளாகப் போகிற பெண்ணை 'பத்திரமாக' வைத்திருந்து திருப்பித் தருவதாக ஆலை பெற்றோரிடம் வாக்குக் கொடுக்கிறது. அவளுடைய உழைப்போடு சேர்த்து அவளுடைய கற்புக்கும் ஆலை பொறுப்பேற்றுக்கொள்கிறது. அந்தப் பொறுப்பின் பூட்டுத்தான் செல்போன் தடை.

சர்வதேசத் தொண்டு அமைப்புகள் ஐந்து நூற்பாலைகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வறிக்கை உட்படப் பல ஆவணங்கள் இந்த விடுதி வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கின்றன. சொந்தமாகச் செல்போன் கூடாது. வீட்டோடு பேச வேண்டுமென்றால் விடுதியின் போனில், வார்டன் பக்கத்தில் நிற்க, சில நிமிடங்கள். வெளியே போவதென்றால் கூட்டமாக, காவலோடு. இதில் வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது? மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில், விடுதி ஆலை வளாகத்துக்குள்ளேயே இருக்கும்போது, எந்த நேரமும் ஆலையின் நேரம்தான். நடு இரவில் எழுப்பி, ஆள் குறைகிறது வா என்றால் போக வேண்டும். 'வேலை நேரத்தில் தடை போடலாமா' என்று நாம் கேட்கிற கேள்வி அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள் நுழைவதே இல்லை.

இங்கே ஒரு சட்டக் கதையையும் சொல்லியாக வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பெண்ணைப் பலவீனமானவளாகப் பார்க்கும் பாதுகாப்பு அது என்று பெண்ணியவாதிகள் விமர்சித்தது நியாயம். சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடை அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. பெண்கள் இரவில் வேலை செய்யலாம், ஆனால் போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு. தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், இரவு ஷிப்ட் பெண்களுக்கு வந்தது, நிபந்தனைகள் பல ஆலைகளின் வாசலிலேயே நின்றுவிட்டன. சமத்துவத்தின் பெயரால் இரவையும் எடுத்துக்கொண்டு, பாதுகாப்பின் பெயரால் போனையும் எடுத்துக்கொண்டார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு மேஸ்திரி கையைப் பிடித்தால் அவள் யாரை அழைப்பாள்?

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் அவர்களை விட்டுவிட்டும் பேச முடியாது. பெண் கையில் செல்போன் என்றாலே ஊருக்கு ஒரு பயம் இருக்கிறது. 2012இல் உத்தரப் பிரதேசத்தின் அசாரா கிராமப் பஞ்சாயத்து, நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் வெளியில் செல்போன் பேசக் கூடாது என்றது. 2016இல் குஜராத்தின் சூரஜ் கிராமம் மணமாகாத பெண்களிடம் செல்போன் இருந்தால் 2,100 ரூபாய் அபராதம் என்றது. நம் ஊரில் இப்படித் தண்டோரா போடுவதில்லை. ஆனால் 'செல்லு வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டான்' என்ற பேச்சைக் கேட்காத தெரு உண்டா? இந்தப் பயத்தின் அடியில் இருப்பது சாதி. தவறிப்போய் வேறு சாதிப் பையனோடு பேசிவிடுவாளோ என்பதுதான். ஊர் வாய்விட்டுச் சொல்லும் தடையை ஆலை எழுதப்படாத விதியாக வைத்துக்கொண்டது. ஆலைக்கு அதில் வேறொரு லாபமும் இருந்தது. பையனோடு பேச முடியாதவள் சங்கத்தோடும் பேச முடியாது. தொழிலாளர் துறை ஆய்வாளரோடும் பேச முடியாது. பக்கத்து ஆலையில் மொத்தத் தொகை எவ்வளவு என்று விசாரிக்கவும் முடியாது.

நிர்வாகங்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேகமாகச் சுழலும் கதிர்களுக்கு முன்னால் நிற்பவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் விரல் போகும். தலைமுடி சிக்கி உயிர் போகும். எந்திரத்தின் முன்னால் செல்போன் வேண்டாம் என்பதைத் தொழிலாளியே ஒப்புக்கொள்வாள். கேமராவும் பெரிய பிரச்சினை. துணி மாற்றும் இடத்தில், சாப்பிடும் இடத்தில் யாராவது படம் எடுத்துவிட்டால் அவமானம் சுமப்பது பெண்தான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கு ஒன்றில், அலுவலகத்தில் சக ஊழியர்களை வீடியோ எடுத்ததற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருந்தவர் சுகாதாரத் துறையின் ஒரு பெண் ஊழியர். அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்தக் காரியத்துக்குச் செல்போன் பயன்படுத்துவதை ஏற்க முடியாது, அதற்கு விதிகள் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அனுமதி இல்லாமல் படம் எடுக்கப்பட்ட சக ஊழியரின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது.

அதே மதுரைக் கிளை 2023இல் இன்னொரு வழக்கைக் கேட்டது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், ஊழியர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கேலி செய்து பதிவிட்டதற்காக அவர்மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருந்தது. நிர்வாகத்தின்மேல் மனக்குறையைக் கொட்டித் தீர்ப்பது ஊழியருக்கு உள்ள உரிமை என்று சொல்லி நீதிமன்றம் அந்தக் குறிப்பாணையை ரத்து செய்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் மாணவிகள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதல் வழக்கு வேலை நேரத்தில் கையில் இருக்கும் கருவியைப் பற்றியது. இரண்டாவது வழக்கு, வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பற்றியது. பட்டிமன்றத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். நிர்வாகங்களும் இந்தக் குழப்பத்தையே விரும்புகின்றன என்று நினைக்கிறேன். விபத்தைக் காரணம் காட்டிக் கருவியை வாங்கும்போது பேச்சும் சேர்ந்தே போய்விடும்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவினையைச் சட்டம் கொஞ்சம் முன்பே தொட்டது. கனெக்டிகட்டில் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பெண், தன் மேலாளரை முகநூலில் திட்டி எழுதினார். சக ஊழியர்கள் கீழே பதில் எழுதினார்கள். அவர் வேலையிழந்தார். தொழிலாளர்கள் தங்கள் பணிநிலை குறித்துத் தங்களுக்குள் பேசுவதை 1935ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது, அது முகநூலுக்கும் பொருந்தும் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2010இல் அந்த நிறுவனத்தின்மீது புகார் பதிவு செய்தது. 2011இல் சமரசம் ஆனது. நிறுவனம் தன் சமூக ஊடக விதிகளைத் திருத்திக்கொள்ள ஒப்புக்கொண்டது. தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்று பேசினால் என்ன, திரையில் பேசினால் என்ன என்பதுதான் வாதத்தின் சாரம்.

பேச்சை அடைத்துவைத்தால் என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் காட்டியது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூர் விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று அறைத் தோழிகளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. டிசம்பர் 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். உலகத்துக்குச் செல்போன் செய்து அனுப்பும் பெண்கள், தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நடுரோட்டில். சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ அழைப்பில் காட்டித்தான் அவர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது.

யாரும் இறக்கவில்லை. செய்தி பொய். வதந்தி பரப்பியதாகக் கைதும் நடந்தது. பார்த்தீர்களா, இதற்குத்தான் வாட்ஸ்அப் ஆகாது என்கிறோம் என்று அன்று பலர் சொன்னார்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். நிர்வாகம் உண்மையைச் சொல்லும் என்று அந்தப் பெண்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. முறையாகச் செய்தி வரும் வழி இல்லாத இடத்துக்குள் வதந்திதான் வரும். பொய்ச் செய்தியை நம்பி வந்தவர்கள் கேட்டதோ மெய்யான கேள்வி. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் திறந்தது. அந்த இரவு ரோட்டுக்கு வராமல் இருந்திருந்தால், நெருக்கியடித்துத் தரையில் படுத்திருந்த அந்த விடுதி அறைகளைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்குமா?

இத்தனைக்கும் நடுவே, அரசாங்கம் என்னும் முதலாளி பெண்கள் கையில் செல்போனைத் திணிக்கிற காட்சியும் நடக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியில் குழந்தைகளின் எடையும் உயரமும் வருகையும் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும், போன் பழுதானாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மகாராஷ்டிரத்தில் அந்த ஆண்டே பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். ஹரியானாவில் ஆஷா பணியாளர்கள், தாங்கள் இருக்கும் இடத்தையெல்லாம் கண்காணிக்கும் செயலியைத் தங்கள் போனில் ஏற்ற மறுத்தார்கள். மேலதிகாரியின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் உத்தரவுக்கு உடனே பதில் போடாவிட்டால் மறுநாள் ஏச்சு. ஓரிடத்தில் செல்போன் இருந்தால் குற்றம், இன்னோரிடத்தில் அணைத்து வைத்தால் குற்றம். துணிக்கடை விற்பனைப் பெண்ணின் கதை இவற்றுக்கு நடுவில். காலையில் லாக்கரில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனால், நாற்காலியில் உட்காரும் உரிமைக்கே 2021 வரை சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இருபது வயது தலித் பெண் தொழிலாளி, அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அங்கே தொல்லை நடந்துகொண்டிருந்ததைப் பெண்கள் அறிந்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லியும் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியதன் விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் முக்கியமான அம்சம் எனக்குக் கேமராவோ காவலோ அல்ல. தொழிலாளர்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் நடப்பதைக் கவனித்துப் புகார் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்ததுதான் அது. புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கினார்கள். பெண்கள் பேசிக்கொள்வதை ஆபத்து என்று பார்த்து வந்த ஒரு தொழிலில், பேசுவதையே பாதுகாப்பு ஏற்பாடாக ஆக்கியிருக்கிறார்கள்.

ஆக, நடுவர் நாற்காலிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் என் தீர்ப்பு இப்படி இருக்கும். எந்திரத்தின் முன் நிற்கும் நேரத்துக்குச் செல்போன் வேண்டாம் என்று சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதையும் தொழிலாளிகளிடம் கலந்துகொண்டு, ஆண் மேஸ்திரிக்கும் மேலாளருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் படம் எடுப்பதைத் தடுப்பது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. அதற்கு அப்பால், சாப்பாட்டு நேரத்திலும் விடுதி அறையிலும் அவள் யாரோடு என்ன பேசுகிறாள் என்பதில் முதலாளிக்கு வேலை இல்லை. போனை வாங்கி வைத்துக்கொள்கிற நேரத்திலும், வீட்டிலிருந்து அவசரமாக ஒருவர் அழைத்தால் அது அவள் காதுக்கு உடனே போய்ச் சேர வழி செய்திருக்க வேண்டும்.

பட்டிமன்றம் முடிந்து சில வாரம் கழித்து அந்த மாணவியிடம் அக்காவைப் பற்றி விசாரித்தேன். மூன்று வருடம் முடித்துத் திரும்பும்போது அக்கா கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் முழுவதும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய எண்களாம். கூட வேலை பார்த்தவர்களின் அப்பா எண், அண்ணன் எண், சித்தப்பா கடை எண். யாருக்கும் சொந்தமாக எண் இல்லையே. ஊருக்கு வந்து முதல் செல்போன் வாங்கியதும் அக்கா அந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழைத்திருக்கிறாள். சில வீடுகளில் திட்டி வைத்துவிட்டார்கள். சில வீடுகளில் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றார்கள். பதினோரு பேர் கிடைத்தார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு ஆனது.

"மொதல்ல எல்லாரும் கொழந்தை போட்டோதான் மிஸ் போட்டாங்க. அப்பறம் ஒருத்தி, உனக்குக் கடைசியா எவ்வளவு குடுத்தாங்கன்னு கேட்டா."

ஒருத்திக்கு முழுத் தொகை. ஒருத்திக்கு விடுப்பு எடுத்த நாளுக்கெல்லாம் பிடித்தது போக. ஒருத்திக்கு மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டதால் ஒன்றுமே இல்லை. அக்காவுக்கு ஒன்பதாயிரம் குறைவு. மனு எப்படி எழுத வேண்டும், தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் திண்டுக்கல்லில் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் அந்த மாணவி என் அறைக்கு வந்திருந்தாள்.